அரை வரி மருதப்பனும் முந்நூறு சுவடிகளும்

முன்னொரு காலத்தில், போர்கள் ஓய்ந்துபோய் அரசர்களுக்குப் பொழுது போகாமல் குடிமக்கள் அல்லல்பட்ட நாளில், ஒரு நாட்டை மானகேசரி என்ற அரசர் ஆண்டுவந்தார். பக்கத்து நாட்டிலிருந்து ஒரு தூதர் வந்தார். விருந்துண்டு வெற்றிலை போட்டுக்கொண்டே, "எங்கள் அரசர் ஆண்டுக்கு நூறு சுவடி படிக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போனார். தூதர் போய்விட்டார், அந்த நூறு போகவில்லை. அரசருக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை.

நான்காம் நாள் ஆணை பிறந்தது. அவையில் உள்ள ஒவ்வொருவரும் நாளுக்கு ஒரு சுவடியாவது படிக்க வேண்டும். படித்ததற்கு அடையாளமாகச் சுவடிக் கயிற்றின் நுனியில் அரக்கை உருட்டித் தம் முத்திரையைப் பதிக்க வேண்டும். மறுநாள் காலை அவையில் எழுந்து நின்று எண்ணிக்கையைச் சொல்ல வேண்டும். படிக்கச் சுவடி வேண்டுமே? ஏடெழுதுவோர் கூடத்துக்கு ஆள் பறந்தது: ஒரே மாதத்தில் முந்நூறு சுவடி. கூடத்துத் தலைவர் "முந்நூறா?" என்று ஒருமுறை கேட்டார். அதற்குமேல் பேச அவருக்கு நேரமில்லை. மாதம் முடிந்த அன்று முந்நூறும் வண்டிகளில் வந்து இறங்கின. தலைப்பு எழுதக்கூட அவகாசம் இல்லாததால், மேற்பலகையில் வெறும் எண் மட்டும் போட்டிருந்தது.

அதன்பின் அந்த அவையில் கல்வி பெருகிய பெருக்கைச் சொல்லி மாளாது. காலையில் கட்டியக்காரன், "மாமன்னர் நேற்று நான்கு!" என்று கூவுவான். அரசரை மிஞ்சிப் படிப்பது ராஜத்துரோகம் என்பதால், தலைமைப் புலவர் வாக்கீசப் பண்டிதர் எப்போதும் மூன்றோடு நிறுத்திக்கொண்டார். சேனாதிபதி கொம்பையா போர் செய்வது போலவே படித்தார். மேற்பலகையைப் பிடித்தார், கீழ்ப்பலகையைப் பிடித்தார், நடுவில் இருந்தவை தாமாகச் சரணடைந்துவிட்டதாக எடுத்துக்கொண்டார்.

"நூற்றுப்பன்னிரண்டு படித்தீரா, பண்டிதரே?"

"ஆகா! ஆனால் எழுபத்தாறு அதைவிட ஆழம்."

இப்படி அவையோர் நாற்பது பேரும் கணக்குச் சொல்லி முடிக்க உச்சிப்பொழுது ஆகிவிடும். பிறகு பாராட்டு. பிறகு விருந்து. விருந்துக்குப்பின் உறக்கம். இதற்கிடையில் படிக்க நேரம் ஏது என்று யாரும் கேட்கவில்லை. படித்து முடித்தவர்களிடம் அப்படிக் கேட்பது மரியாதையா?

அந்த அவையின் விகடகவி மருதப்பன். அவனுக்கு ஒரு குறை இருந்தது. ஒரு வரி படிப்பான். அந்த வரி எங்கே போகிறதோ அவனும் கூடவே போய்விடுவான். திரும்பி வரும்போது சன்னல் வெயில் ஒரு சுவரிலிருந்து இன்னொரு சுவருக்கு இடம் மாறியிருக்கும். சுவடிச்சாலையில் ஒரு பழைய சுவடியை அவன் எட்டு மாதமாகப் படித்துக்கொண்டிருந்தான். உப்பு வணிகன் மகள் ஒருத்தி வெள்ளம் புரளும் ஆற்றங்கரையில் நிற்கிறாள். அக்கரையில் அவள் தங்கை நோயில் கிடக்கிறாள். ஓடக்காரன் துடுப்பைத் தொட மறுக்கிறான். கதை அவ்வளவுதான் நகர்ந்திருந்தது. எட்டு மாதமாக மருதப்பனும் அவளோடு கரையில் நின்றான்.

சுவடிகள் வந்து இறங்கி இரண்டு மாதம் ஆனபோதுதான், அதுவரை யாரும் கணக்கில் சேர்க்காத விகடகவியின் முறை வந்தது.

"மருதப்பா, நேற்று எத்தனை?"

"ஒரு வரி, அரசே."

அவை குலுங்கியது.

"ஒரு வரியா!"

"மன்னிக்க வேண்டும், மிகைப்படுத்திவிட்டேன். அரை வரி. மீதியை இன்று பார்க்கலாம் என்று வைத்திருக்கிறேன்."

"பக்கத்து நாட்டரசர் ஆண்டுக்கு நூறு படிக்கிறார், தெரியுமா உனக்கு?"

"பாவம், அரசே. ஒன்றுகூட அவர் மனத்துக்குப் பிடிக்கவில்லை போலிருக்கிறது."

அரசரின் உதடு ஓரமாகத் துடித்தது. சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார். வாக்கீசப் பண்டிதர் அதைப் பார்த்துவிட்டார். நூற்றெண்பது சுவடிக்கு அவருக்குக் கிடைத்தது ஒரு தலையசைப்பு. அரை வரிக்கு ஒரு சிரிப்பா?

பண்டிதர் எழுந்தார். "மாமன்னா! கற்றோர் நிறைந்த இந்த அவைக்கு இவனால் இழுக்கு. அடியேன் ஒரு வழி சொல்கிறேன். அவையோர் படித்த அதே சுவடிகளில் நாற்பதை, அவையோர் படித்த அதே முறையில், பதினைந்து நாளில் இவன் படித்து முடிக்கட்டும். முடித்தானா என்று நானே சோதிக்கிறேன். சேனாதிபதி சாட்சி. தவறினால் இவனுக்கு அவையில் இடம் வேண்டாம். சுவடிச்சாலைக் கதவும் இவனுக்கு ஆயுள் முழுதும் திறக்க வேண்டாம்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் அரசர். விருந்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

வேலை போனால் மருதப்பன் வேறு ஊரில் வேறு அரசரைச் சிரிக்க வைப்பான். அரசர்களுக்கா பஞ்சம்? ஆனால் சுவடிச்சாலையின் சுவடி எதுவும் வாசலைத் தாண்டாது என்பது விதி. கதவு மூடினால் அந்தப் பெண் கரையிலேயே நின்றுவிடுவாள். கடந்தாளா, இல்லையா, அவனுக்குத் தெரியாமலே போய்விடும்.

மறுநாள் புதுச் சுவடிகள் அடுக்கிய அறைக்குப் போனான். நூற்றுப்பன்னிரண்டை எடுத்தான். கயிற்று நுனியில் அரசரின் சிங்க முத்திரை, பண்டிதரின் அன்ன முத்திரை, சேனாதிபதியின் யானை முத்திரை எல்லாம் திராட்சைக் குலை போலத் தொங்கின. முடிச்சைப் பார்த்தான். ஏடெழுதுவோர் கூடத்தில் போட்ட முடிச்சு, அசையாமல் அப்படியே இருந்தது. அவிழ்த்தான். முதல் ஏட்டைப் பார்த்தான்.

ஒன்றுமில்லை.

அடுத்த ஏடு. அதிலும் இல்லை. மஞ்சள் ஓலை, வெறும் ஓலை. வெயிலில் சாய்த்துப் பிடித்தான். மயிரிழை போலக் கீறல்கள் தெரிந்தன. அப்போது புரிந்தது. எழுத்தாணியால் கீறினால் மட்டும் ஏட்டில் எழுத்து தெரியாது. விளக்குக் கரியைக் கோவையிலைச் சாற்றில் குழைத்துத் தேய்த்துத் துடைத்தால்தான் கீறலுக்குள் மை இறங்கும், எழுத்து எழுந்து நிற்கும். அதற்கு மையாடல் என்று பெயர். முந்நூறையும் ஒரே மாதத்தில் எழுதிய கூடத்தாருக்கு மையாட நேரமில்லை. அப்படியே வண்டியேற்றிவிட்டார்கள். கண்கூர்மை உள்ள ஒருவர் வெயிலில் சாய்த்துச் சாய்த்து, நாளுக்கு ஓர் ஏடு படிக்கலாம். இவர்கள் நாளுக்கு மூன்று சுவடி படித்திருந்தார்கள்.

மருதப்பன் இன்னும் பத்தைப் பார்த்தான். இன்னும் முப்பதை. எல்லாம் அதே. அவன் சிரிக்கவில்லை. தரையில் உட்கார்ந்து வெகுநேரம் அந்தச் சிங்க முத்திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் மனைவி வடிவு கீரை ஆய்ந்துகொண்டே எல்லாவற்றையும் கேட்டாள்.

"அம்புட்டுதானே? நாளைக்கே போய் எல்லார் முன்னாடியும் போட்டு உடைங்க. பண்டிதரு மூஞ்சி எப்படிப் போகுதுன்னு பார்க்கணும்."

"ராஜாவோட முத்திரையும் அதுலதான் தொங்குது வடிவு."

அவள் கை நின்றது. "ஐயையோ. ராஜாவும் படிச்சாரா?"

"ஒரு நாளைக்கு நாலு."

"அப்ப வாயைத் திறக்காதீங்க. நாப்பதும் படிச்சேன்னு சொல்லிட்டு வந்துருங்க. ஊரே சொல்லுது, நீங்க சொன்னா குத்தமா?"

"சோதிக்கிறவன் வாக்கீசன். நான் எதைச் சொன்னாலும் தப்புன்னுதான் சொல்லுவான்."

"அவன் படிக்கலையே!"

"படிக்காதவன்கிட்டதான் பயம். படிச்சவனா இருந்தா தன்மேலயே சந்தேகப்படுவான்."

வடிவு கீரையைத் தள்ளிவைத்தாள். "ஒரு நாளைக்கு நாலுன்னா, ரெண்டு மாசத்துக்கு எம்புட்டு ஆச்சு?"

"எரநூத்தி நாப்பது."

"இருக்கறது முந்நூறு. மிச்சம் அறுபதை ராஜா தொடலை இல்ல?"

மருதப்பன் அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு சாப்பிட மறந்து எழுந்து போனான்.

பதினைந்து நாள் கழித்து அவை கூடியது. மருதப்பன் அன்றிரவே பொறுக்கி ஒதுக்கிவைத்திருந்த நாற்பது சுவடிகளைக் காவலர்கள் சுமந்துவந்து அரசர் முன் அடுக்கினார்கள். அவன் ஒரு சிறு மண்சட்டியைத் தட்டால் மூடி, தன் காலடியில் வைத்துக்கொண்டான்.

"எத்தனை, மருதப்பா?"

"நாற்பதும் முடிந்தது, அரசே. ஆணையில் சொன்னபடியே, அவையோர் படித்த அதே முறையில் படித்தேன். ஒரே முற்பகல்தான் ஆயிற்று. இவ்வளவு எளிது என்று தெரியாமல் இத்தனை காலத்தை வீணாக்கிவிட்டேன்."

பண்டிதர் புன்னகைத்தார். "அப்படியா? மேலே இருக்கிறதே இருநூற்று ஏழு, அதை எடு. அதில் உள்ளதை அவைக்கு வாசித்துக் காட்டு."

மருதப்பன் கயிற்றை அவிழ்த்தான். முதல் ஏட்டைக் கண்ணுக்கு நேரே பிடித்தான். வாயைத் திறக்கவில்லை. புரட்டினான். இரண்டாம் ஏட்டையும் அதே கவனத்தோடு பார்த்தான். புரட்டினான். அவை காத்திருந்தது. எங்கோ ஒரு புறா சிறகடித்தது. மூன்றாம் ஏடு. நான்காம் ஏடு. யாரோ தும்மலை அடக்கினார்கள். ஐந்தாம் ஏட்டில் மட்டும் சற்றே தலையை ஆட்டி ரசித்தான்.

"என்ன இது?" என்று அரசர் கேட்டார்.

"வாசிக்கிறேன், அரசே. ஏட்டில் என் கண்ணுக்குத் தெரிவதில் ஓர் எழுத்தையும் விடவில்லை."

"பார்த்தீர்களா மாமன்னா!" பண்டிதர் பொங்கினார். "இவன் படிக்கவே இல்லை! இருநூற்று ஏழு! தலைவனைப் பிரிந்த தலைவியின் துயரம்! இதைப் படித்த அன்று அடியேன் கண்ணீர் நிற்கவில்லை. சேனாதிபதியைக் கேளுங்கள்!"

கொம்பையா திடுக்கிட்டு எழுந்தார். "ஆம், ஆம். அந்தப் போர்க்களக் காட்சி! என் வாள் தானாக உறையைவிட்டு எழுந்தது."

பண்டிதர் ஒரு கணம் விழித்தார். "ஆமாம். போரினால் வந்த பிரிவு."

"யானைகள் வேறு" என்றார் கொம்பையா, உற்சாகம் தாங்காமல்.

"எனக்கு இவ்வளவும் தென்படவில்லையே" என்றான் மருதப்பன். "பண்டிதரே, முதல் வரியைத் தாங்கள் வாசித்துக் காட்டினால் கற்றுக்கொள்வேன்."

பண்டிதர் ஏட்டை வெடுக்கென்று வாங்கினார். பார்த்தார். இந்தப் பக்கம் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல அந்த ஏட்டின் நிறத்துக்கு வந்தது. ஆனாலும் தலைமைப் புலவர் அல்லவா? கண்ணை மூடிக்கொண்டு, "மலர்விழி சிவக்க மங்கை நின்றனள்" என்று கணீரென்று பாடினார். கொம்பையா, "அதே! அதே வரி!" என்று தொடையைத் தட்டினார்.

மருதப்பன் சட்டியைத் திறந்தான். உள்ளே கரியும் கோவையிலைச் சாறும் குழைத்த மை இருந்தது. பண்டிதர் கையிலிருந்த ஏட்டை மெதுவாக வாங்கி, மையைத் தேய்த்து, துணியால் துடைத்தான். வெறும் ஓலையில் எழுத்துகள் எறும்பு வரிசையாக எழுந்து வந்தன. அதை அரசரிடம் நீட்டினான்.

அரசர் உரக்க வாசித்தார்: "'எருமைக்கு வயிறு உப்பினால் ஓமமும் பெருங்காயமும் சுக்கும் இடித்து வெந்நீரில் புகட்டுக. சாணம் இளகும்வரை மறுபடியும் புகட்டுக.'"

பண்டிதர் மெல்லத் தம் இருக்கையில் அமர்ந்தார்.

"இதைப் படித்தா அழுதீர், பண்டிதரே?" என்றார் அரசர்.

மருதப்பன் குறுக்கிட்டான். "எருமையின் வேதனையும் வேதனைதானே, அரசே. அவருக்கு இளகிய மனம். ஆனால் சேனாதிபதிக்கு ஏன் வாள் எழுந்தது என்பதுதான் எனக்குப் புரியவில்லை."

அதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்கிய அரசர் சட்டென்று நிறுத்தினார். சிரிப்பு அவர் முகத்திலிருந்து வடிந்தது. தாம் முத்திரை பதித்த சுவடிகள் எல்லாம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கை தானாக நீண்டு, அடுக்கியிருந்த சுவடிகளின் கயிற்று நுனிகளைத் தடவியது. அன்னம், யானை, அன்னம், அன்னம், யானை. நாற்பதையும் பார்த்தார். ஒன்றிலும் சிங்கம் இல்லை.

அவர் மருதப்பனை நிமிர்ந்து பார்த்தார். மருதப்பன் தரையைப் பார்த்தான்.

"மற்ற சுவடிகள் எப்படியோ?" என்று கடைசியில் அரசர் மெல்லக் கேட்டார்.

"தாங்கள் வாசித்தவற்றைப் பற்றி எதுவும் சொல்ல எனக்குத் தகுதி இல்லை, அரசே. அவ்வளவு வேகம் எனக்கு வராது."

அரசர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு சிம்மாசனமே. கிரீடம் சரிந்து காதில் தொங்கியது. தூக்குமேடைப் படியிலிருந்து இறங்கிவந்தவன் சிரிப்பது போல, கண்ணில் நீர் வழியச் சிரித்தார். நாளுக்கு ஒரு சுவடி என்ற ஆணை அந்தச் சிரிப்பிலேயே கரைந்துபோனது. பண்டிதரும் சேனாதிபதியும் முந்நூறு சுவடிக்கும் தம் கையாலேயே மையாட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. சிங்க முத்திரை உள்ளவற்றை முதலில் முடிக்கச் சொன்னார் அரசர். அதுவும் கதவை அடைத்துக்கொண்டு.

"உனக்கு என்ன வேண்டும், மருதப்பா? கேள்."

"காலை அவைக்கு வர வேண்டாம் என்று ஓர் உத்தரவு, அரசே. படிக்க நேரம் போதவில்லை."

"எதுவரை?"

"ஒரு பெண் ஆற்றைக் கடக்க வேண்டும். அதுவரை."

அந்தப் பெண் யார் என்று அரசர் கேட்டார். மருதப்பன் சொன்னான்: உப்பு வணிகன் மகள், வெள்ளம், அக்கரையில் தங்கை, துடுப்பைத் தொடாத ஓடக்காரன். அரசர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார்.

"சரி, கடந்தாளா?"

"தெரியாது, அரசே. நான் இன்னும் அங்கே போகவில்லை."

"எட்டு மாதமாக எப்படியப்பா பொறுத்துக்கொண்டிருக்கிறாய்? கடைசி ஏட்டைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடுமே! நீ வேண்டாம், நான் போய்ப் பார்க்கிறேன்."

"தாராளமாகப் பாருங்கள், அரசே" என்று மருதப்பன் கைகூப்பினான். "மை தடவின சுவடிதான். ஆனால் என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்."

அரசர் மறுபடியும் வாய்விட்டுச் சிரித்தார். கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டு, கேட்ட உத்தரவையும் அங்கேயே முத்திரையிட்டுக் கொடுத்தார். முத்திரையிடுவதற்கு முன் அதை ஒருமுறை முழுவதும் படித்தும் பார்த்தார்.