விருந்தில் ஒரு ஸஜ்தா

முத்துக்குளிக்கும் ஊர் ஒன்று. அந்த ஊர்ச் சிப்பிகள்கூட வெள்ளிக்கிழமை வாய் திறக்காது என்பார்கள். வேறு யார், நான்தான் சொல்வேன்.

அங்கே நெய்னா லெப்பை என்று ஒரு ஆலிம், மார்க்கக் கல்வி கற்றவர். அவரிடம் அரபி படித்த இத்ரீஸ், தாடி நரைத்த பிறகும் மாணவர்தான். ஒருநாள் காலையில் வந்து உட்கார்ந்தவர் தலையை நிமிர்த்தவில்லை.

“ஹஸ்ரத், பீர் மரைக்காயர் வீட்டு விருந்தைப் புகழ்ந்து அரபியில் எழுதி வாசித்தேன். வரிக்கு வரி ஒரே ஓசையில் முடிகிற வசனம்.”

“கேள்விப்பட்டேன். ஆடு யானைக்குட்டி அளவாமே.”

“நானும் குறைத்து எழுதவில்லை.”

“முடிகிற ஓசையை எங்கே எடுத்தாய்?”

“குர்ஆனில். ஒரு சொல்லையும் தொடவில்லை ஹஸ்ரத், ஓசை மட்டும்தான். அரபியில் இப்படி அடுக்கி எழுதுகிற எல்லாருக்கும் காது பழகியது அங்கேதானே.”

“காதை நான் குறை சொல்லவில்லை. பிறகு?”

“வாசலில் அசனார் நின்றிருந்தார். முத்துக்குளிக்கிறவர்.”

இந்த இடத்தில் நான் ஒன்று சொல்லிவிட வேண்டும். குர்ஆனில் சில இடங்களை ஓதக் கேட்டால் நெற்றியைத் தரையில் வைப்பார்கள். அதற்குப் பெயர் ஸஜ்தா. அசனாருக்கு அரபி தெரியாது, எந்தெந்த இடம் என்றும் தெரியாது. ஓசை தெரியும். நெய் வழியும் தொடைக்கறியைப் பற்றி இத்ரீஸ் நீட்டி இழுத்த இடத்தில், குர்ஆன்தான் என்று மனம் உருகி ஸஜ்தாவில் விழுந்துவிட்டார்.

“நீ நிறுத்தினாயா?” என்றார் லெப்பை.

“இல்லை.”

“என்ன செய்தாய்?”

“குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.”

லெப்பை முன்னால் விரித்திருந்த புத்தகத்தை மூடினார்.

“நாளைக்கு முத்துக்குளிப்பு தொடங்குகிறது ஹஸ்ரத். ‘குர்ஆனில் அது எந்தச் சூராவோ, அந்த அத்தியாயத்தை எனக்கு ஓதிக்கொடுங்கள், அதை ஓதிவிட்டுத்தான் கடலில் இறங்குவேன்’ என்று அசனார் நிற்கிறார். அவருக்கு நான் என்ன பதில் சொல்ல?”

லெப்பை எழுந்து செருப்பைப் போட்டார்.

“எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு வா. அவருக்குத் தமிழில் வாசி.”

அசனார் கரையில் உட்கார்ந்து, தன்னைக் கடலடிக்கு இறக்கும் கல்லுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். இத்ரீஸ் வாசித்தார். தமிழில் அந்த ஓசை வரவில்லை. கறி வந்தது, நெய் வந்தது, மரைக்காயரின் அகப்பை வந்தது.

“இன்னும் இருக்கா, ஆலிம்சா?” என்று இத்ரீஸைக் கேட்டார் அசனார்.

“இவ்வளவுதான்.”

அசனார் கயிற்றை விட்டுவிட்டார்.

“அப்போ அன்னைக்கு நான் விழுந்தது தொடைக்கறிக்கா?”

இத்ரீஸ் காகிதத்தைக் கீழே இறக்கினார். அசனார் லெப்பை பக்கம் திரும்பினார்.

“ஹஸ்ரத், அந்த ஸஜ்தா போச்சா?”

“யாருக்கு விழுந்தீங்க அசனார்?”

“என்னைப் படைச்சவனுக்கு.”

“அது அவனுக்குத் தெரியாதா?”

அசனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கயிற்றை எடுத்தார். “நல்ல சமையல்தான் போல,” என்றார்.

திரும்பும் வழியில் இத்ரீஸ் மெல்லக் கேட்டார்: “எனக்கு என்ன பதில், ஹஸ்ரத்?”

“அவர் நெற்றி தரையில் இருந்தபோது உன் தலை எங்கே இருந்தது?”

இத்ரீஸ் காகிதத்தை மடித்தார். இனி மடிக்க இடமில்லை என்றான பிறகும் மடித்துக்கொண்டே வந்தார்.