முறுக்கனும் நான்கு முட்டைகளும்

இக்கதையை எனக்கு முதலில் சொன்னவர், வெளிமான்கள் வாழும் புல்வெளி ஒன்றில் காவலராயிருந்த இருதயராஜ்.

அப்புல்வெளியில் முறுக்கன் என்னும் ஆண்மான் இருந்தது. நாள்தோறும் தன் புழுக்கைக் குவியலின்மீது நிமிர்ந்து நிற்கும். அதைவிட்டு அகன்றால், வேறோர் ஆண்மான் அவ்விடத்தைப் பிடித்துக்கொள்ளும். அது மான்களின் வழக்கம்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பகை வந்தால் ஆள்காட்டிக் குருவி கத்தும். உடனே முறுக்கன் உயரத் துள்ளி ஓடும். கூட்டம் பின்தொடரும்.

ஒருநாள் நண்பகலில் நரி பதுங்கி வந்தது.

"வருகிறான்! வருகிறான்!" என்று குருவி கத்தியது.

எதிர்க்காற்றில் தொலைவே மேய்ந்த கூட்டத்துக்குக் கேட்கவில்லை; முறுக்கனின் காதில் மட்டும் விழுந்தது. ஆனால் சற்றுத் தொலைவில் கொம்பன் என்னும் மான் சமயம் பார்த்து நின்றது. 'ஓடினால் என் குவியல் போய்விடுமே!' முறுக்கன் துள்ளவில்லை. நரி ஒரு குட்டியின் காலைக் கவ்வியது. தாய்மான் செவலை முட்டி விரட்டியதால் குட்டி பிழைத்தது.

"ஏன் துள்ளவில்லை?" என்று செவலை சீறியது.

"குருவி கத்தவே இல்லையே!" என்றது முறுக்கன்.

"தொண்டை கிழியக் கத்தினேன்! நீ காதை விடைத்து என்னைப் பார்த்தாயே!" என்றது குருவி.

"பொய்! தூங்கிவிட்டு மழுப்புகிறாள், வாயாடி!"

கூட்டம் முறுக்கனை நம்பியது, குருவியை விரட்டியது. முதலில் பாய்ந்ததும் முறுக்கன்தான். குருவி வெறுந்தரையில் இட்டிருந்த நான்கு முட்டைகளும் குளம்படியில் நசுங்கின.

மாலையில் முறுக்கன் தன் குளம்பைப் பார்த்தது. புள்ளியிட்ட ஓட்டுத்துண்டு ஒன்று ஒட்டியிருந்தது. தரையில் தேய்த்தது. போகவில்லை.

மறுநாள் கூட்டத்தின் நடுவே தலைகுனிந்து நின்றது.

"குருவி கத்தியது. என் காதில் விழுந்தது. குவியலை விட மனமின்றி நின்றேன்."

"இத்தனை நீளக் கொம்பை வைத்துக்கொண்டு ஒரு குருவியின் பின்னாலா ஒளிந்தாய்?" என்றது செவலை. குட்டி நொண்டியபடி விலகிச் சென்றது.

முறுக்கன் குவியலைவிட்டு இறங்கியது. கொம்பன் ஏறிக்கொண்டது.

சில நாளில் குருவி திரும்பி வந்து மீண்டும் நான்கு முட்டைகள் இட்டது. முறுக்கன் அருகே சென்றது.

"இவற்றையும் மிதிக்க வந்தாயோ?"

"காவலுக்கு வந்தேன், அம்மா."

"எட்டி நில்!"

முறுக்கன் எட்டியே நின்றது. இருபத்தெட்டு நாள் வெயிலில் நின்றது. மும்முறை வந்த நரியைக் கொம்பு தாழ்த்தி விரட்டியது.

இருபத்தொன்பதாம் நாள் குஞ்சுகள் ஓடுடைத்து நடந்தன.

"எண்ணிக்கொள். இனி நீ போகலாம்" என்றது குருவி.

முறுக்கன் எண்ணியது. ஆயினும் அதன் தலை நிமிரவில்லை.

தன் குற்றத்தைப் பிறர்மேல் சுமத்தியவர் வாய்ச்சொல்லால் அன்று, வெட்கத்தோடு உழைத்தே அதைத் தீர்க்க வேண்டும். முறுக்கன் தீர்த்தது, நான்கு முட்டைகளுக்கு நான்கு குஞ்சுகள்.