கஜானாவுக்குள் அகப்பட்ட மகாராஜா

எந்த ஊர், எந்த வருஷம் என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரு மகாராஜா இருந்தார், அவருக்கு ஒரு கஜானா இருந்தது, அவ்வளவு தெரிந்தால் போதும். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பொக்கிஷதாரர் பதவியை விட்டுப் போகும்போது அவர் பேரையும், போன காரணத்தையும் வாசற்சுவரில் கல்லில் வெட்டிவிடுவார்கள். முதலாமவர் குடுமிக்குள் முத்தை ஒளித்தார். அடுத்தவர் மோர்ப்பானைக்குள் பொற்காசை இறக்கினார். இன்னொருவர் உத்தமர்தான், மைத்துனனை நம்பிக் கெட்டார். பதவி கிடைத்த அன்றே பயந்து ஊரைவிட்டு ஓடியவரும் உண்டு. அத்தனை பெரிய சுவரில் நல்ல பேரோடு போனவர் ஒருத்தர் கிடையாது!

ஒரு நாள் அதைப் படித்த மகாராஜாவுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. “ஒரே ஒரு பகலாவது இதை யோக்கியமாகக் காப்பவன் என் நாட்டில் இல்லையா?” என்று சபையில் கர்ஜித்தார்.

பேரமைச்சர் திருவடியாருக்கு வாயெல்லாம் பல். விகடகவி சொக்கப்பன் ராஜாவின் செல்லப்பிள்ளையாகிவிட்டானே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்த மனுஷர் அவர். “நம் சொக்கப்பனைவிடச் சமர்த்தன் யார், மகாராஜா? அவனையே நியமியுங்கள்” என்றார்.

“நல்லது! சொக்கப்பா, நாளைக் காலை முதல் பொழுது சாயும்வரை கஜானாவுக்குள் இருப்பது எதுவும் வெளியே போகக் கூடாது. நானே வந்து சொன்னாலும் விடாதே. போனால், திருடன் என்று உன் பேர் கல்லில் ஏறும். குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போக வேண்டியதுதான்.”

வீட்டில் அவன் மனைவி பொன்னாத்தா தலையில் அடித்துக்கொண்டாள். “வாயை வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கக் கூடாதா? புள்ளைங்களை இழுத்துக்கிட்டு நான் எங்க போவேன்?”

“நான் வாயே தொறக்கலைடி, அவங்களா புடிச்சுத் தள்ளிட்டாங்க!”

மறுநாள் காலையில் சொக்கப்பன் கஜானாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்தான். உச்சிவேளையில் மகாராஜாவைச் சோதனைக்கு அழைத்துக்கொண்டு திருவடியார் வந்துவிட்டார். அவர் வந்த வேகத்தைப் பார்த்ததுமே சொக்கப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. இந்த ஆள் எதையாவது சுருட்டப்போகிறார். ராஜாவோடு நிற்கும் அமைச்சரின் மடியைச் சோதிக்க யாரால் முடியும்? இருவரும் உள்ளே போனார்கள். கொஞ்ச நேரம் பொறுத்தான். பிறகு கதவை இழுத்துச் சாத்திப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.

கதவு தடதடத்தது. “யாரடா அங்கே? திற!”

“மன்னிக்க வேண்டும், மகாராஜா. உள்ளே இருப்பது எதுவும் வெளியே போகக் கூடாது என்பது தங்கள் கட்டளை.”

“நான் சொன்னது பொன்னையும் மணியையும்!”

“இப்போது தாங்களும் உள்ளே இருக்கிறீர்களே! தங்களைவிட விலைமதிப்புள்ளது இந்தக் கஜானாவில் என்ன இருக்கிறது? தங்களை வெளியே விட்டவன் என்று என் பேர் கெட்டுவிடுமே!”

வெயில் இறங்கத் தொடங்கியது. சொக்கப்பன் மெல்லக் கதவில் காதை வைத்தான்.

“பசி உயிர் போகிறது. அமைச்சரே, உம் வெற்றிலைப் பையைக் கொடும்.”

“அது... வாடின வெற்றிலை, மகாராஜா.”

“வாடினால் என்ன? கொடும் ஐயா!”

ணங்கென்று ஏதோ தரையில் விழுந்து உருண்டது.

“என் பாட்டனாரின் மரகத மோதிரம் உம் பாக்குக்கு நடுவே என்ன செய்கிறது?”

“சொக்கப்பனை மாட்டிவிடத்தான்... புத்தி கெட்டுப்போயிற்று, மகாராஜா!”

மகாராஜா சிரித்த சிரிப்பு கதவைத் தாண்டிக் கேட்டது. அப்போதுதான் சொக்கப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பொழுது சாய்ந்ததும் கதவைத் திறந்தான். திருவடியார் பதவியையும் தொலைத்துவிட்டுத் தலைகுனிந்து நழுவினார்.

“இனி ஆயுள் முழுக்க நீதானடா பொக்கிஷதாரன்!” என்றார் மகாராஜா.

சொக்கப்பன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். “ஐயோ, வேண்டாம் மகாராஜா! இந்த நிமிஷம்வரை என் பேர் நன்றாக இருக்கிறது. உள்ளே கிடப்பதையெல்லாம் காலையில் கண்ணாரப் பார்த்துவிட்டேன். நாளைக்கு எனக்கே என்ன ஆசை வருமோ! இப்போதே அனுப்பிவிடுங்கள்.”

மகாராஜா கண்ணில் நீர் வரச் சிரித்தார். தன் கழுத்து முத்துமாலையை அவனுக்குப் போட்டு, ஆற்றோரத்து நன்செயையும் தானமாகக் கொடுத்து, அங்கேயே பதவியிலிருந்து விடுவித்தார். நல்ல பேரோடு அந்த வாசலைத் தாண்டிய முதல் பொக்கிஷதாரர் வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.