நிரப்பாமல் விட்ட வரி

முன்னொரு காலத்தில் என்றால் ரொம்பப் பழைய காலம் இல்லை. கோயில் கோபுரத்தைவிடச் செல்போன் கோபுரம் உயரமாகிவிட்ட காலம். ஆறு சில நாள் நீலமாகவும் சில நாள் சிவப்பாகவும் ஓடிய ஓர் ஊரில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள்.

குருவுக்கு முப்பது வயது. பெயர் தமயந்தி. சீடருக்கு அறுபது. பெயர் செங்கோடன். சீடர் குருவை டீச்சர் என்பார், குரு சீடரை அண்ணா என்பார்.

தையல் கடைக்கு மேலே இருந்த அறையில் தமயந்தி ஒரு வித்தை சொல்லிக் கொடுத்தார். யார் அனுப்பியது என்று தெரியாமல் சேதி போய்ச் சேருகிற வித்தை. அதற்கான மென்பொருளுக்கு விலை கிடையாது. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படித்துப் பார்க்கலாம், எடுத்துவந்து தங்கள் கம்ப்யூட்டரிலேயே கட்டிக்கொள்ளலாம்.

சேதி மூன்று உறைக்குள் போகும். வழியில் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக் கம்ப்யூட்டரும் ஓர் உறையை மட்டும் பிரித்து அடுத்த வீட்டுக்குத் தள்ளிவிடும். முதல் வீட்டுக்குக் கொடுத்தவரைத் தெரியும், சேருமிடம் தெரியாது. கடைசி வீட்டுக்குச் சேருமிடம் தெரியும், கொடுத்தவரைத் தெரியாது. நடு வீட்டுக்கு இரண்டுமே தெரியாது.

அந்த வட்டாரத்தில் இப்படி வழிவிட்ட வீடுகள் கொஞ்சம்தான்.

செங்கோடன் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆர்வம் ஜாஸ்தி. வழிவிடும் கம்ப்யூட்டர் ஒன்று கட்டினால் போதும் என்றபோது மூன்று கட்டினார். தன் வீட்டில் ஒன்று, மச்சினன் மாவு மில்லில் ஒன்று, பஜனை மடத்தில் ஒன்று. வேலன், கடம்பன், குமரன் என்று பெயரும் வைத்தார்.

அமைப்புக் கோப்பில் ஒரு வரி இருந்தது. இதே ஆள் நடத்துகிற மற்ற கம்ப்யூட்டர்கள் எவை என்று எழுத வேண்டிய வரி. அதை மட்டும் நிரப்பாமல் விட்டார்.

"கோயிலுக்கு டியூப் லைட்டு குடுத்துட்டு, வெளிச்சமே தெரியாத அளவுக்கு அதுல பேரை எழுதற ஆளு நான் இல்ல" என்று மனைவியிடம் சொன்னார்.

"நீங்க எப்ப டியூப் லைட்டு குடுத்தீங்க?" என்று கேட்டுவிட்டு மனைவி அடுப்படிக்குப் போய்விட்டார்.

மாதங்கள் போயின. ஒருநாள் பத்திரிகையில் படங்கள் வந்தன. ஊருக்கு வெளியே இருந்த சாயப்பட்டறை, கழிவுத் தண்ணீரைக் குழாய் போட்டுக் குடிநீர்க் கிணற்றுப் பக்கம் விடுகிற படங்கள். பட்டறைக்குள் வேலை செய்கிற ஒருவர்தான் எடுத்திருக்க முடியும். பெயர் தெரியாத வழியில் வந்தவை என்று பத்திரிகை எழுதியிருந்தது.

இதற்கு முன்னால் வாயைத் திறந்த ஒருவருக்கு இடது கை இன்னும் மடங்குவதில்லை. அது ஊருக்கே தெரியும்.

பட்டறை மேனேஜர் தண்டபாணி செங்கோடன் வீட்டுக்கு வந்தார். காபி வேண்டாம் என்றார்.

"அந்தப் பெட்டி உங்க வீட்டுலதான் ஓடுதாமே."

"ஓடுதுங்க."

"எந்தப் பையன் அனுப்பிச்சான்னு பாத்துச் சொல்லுங்க. நாளைக்கு மத்தியானம் வர்றேன். உங்க மாப்பிள்ளை எங்க பாய்லரைத்தானே பாக்கறாரு? நல்ல பையன்."

அவர் போன பிறகு செங்கோடன் என்ன செய்தார் என்றால், மென்பொருளின் வழிகாட்டியை எடுத்து முதல்முறையாகக் கடைசிப் பக்கம்வரை படித்தார். அங்கே எழுதியிருந்தது: சேதி கடக்கும் மூன்று வீட்டு வாசலிலும் ஒரே ஆள் இருந்தால், வந்த நேரத்தையும் போன நேரத்தையும் ஒப்பிட்டு, அனுப்பியவரை அவர் கண்டுபிடித்துவிடலாம். அந்த ஒரு வரியை நிரப்பிவிட்டால், ஒரே ஆளின் இரண்டு வாசல் வழியாக எந்தச் சேதியையும் மென்பொருள் அனுப்பாது.

அவர் நிரப்பாமல் விட்டது அந்த வரியைத்தான்.

மறுநாள் காலை தமயந்தியின் அறைக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், ஒரு ரகசியத்தை எப்படிங்க காப்பாத்தறது?"

"யாரோட ரகசியம்?"

"யாருன்னு இன்னும் தெரியாது. ஆனா நான் நினைச்சா தெரிஞ்சுக்கலாம். அதுதான் பயமா இருக்கு." எல்லாவற்றையும் சொன்னார். கடம்பனும் குமரனும்கூடத் தன்னுடையவைதான் என்பதையும் சொன்னார்.

"என் வாயைப் பத்தி எனக்குத் தெரியுமுங்க. எக்ஸ்சேஞ்சுல இருந்தப்ப எந்த வீட்டுக்கு எங்கிருந்து போன் வருதுன்னு டீக்கடையில சொல்லி, ஒரு கல்யாணமே நின்னுபோச்சு. இப்ப மாப்பிள்ளை வேலை வேற. அந்தாளு ரெண்டு தடவை அழுத்திக் கேட்டா நான் தேடிப் பாத்துடுவேன். தேடினா சொல்லிடுவேன். வாயைக் கட்டறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

தமயந்தி எழுந்து, தன் நாற்காலியை அவருக்குத் தள்ளிப் போட்டார்.

"தேடுங்க."

"என்னங்க?"

"இங்கிருந்தே உங்க மூணு பெட்டிக்குள்ளயும் போகலாமில்ல? உக்காந்து தேடுங்கண்ணா."

"கிடைச்சுட்டா?"

"என்கிட்டச் சொல்லாதீங்க."

செங்கோடன் உட்கார்ந்தார். வேலனைத் திறந்தார். அமைப்புக் கோப்பு மேலே ஏறிக்கொண்டே போனது. ஓர் இடத்தில் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

வெறுமையாக விட்ட வரியில் கடம்பனும் குமரனும் இருந்தார்கள். கடம்பனைத் திறந்தார். அங்கே மற்ற இருவரும் இருந்தார்கள். குமரனிலும் அப்படித்தான்.

"இது நான் எழுதலையே."

"நான் எழுதினேன். ஓடவிடறதுக்கு முன்னாடி சரி பாக்கச் சொல்லி மூணு கோப்புகளையும் குடுத்தீங்க. ஒண்ணு உங்களோடது, ஒண்ணு மச்சினனோடது, இன்னொண்ணு மடத்துக்காரங்களோடதுன்னு சொன்னீங்க."

"ஆமாங்க."

"வேலன், கடம்பன், குமரன். மூணு வீட்டுக்காரங்களும் சொல்லிவச்ச மாதிரி முருகன் பேரா வச்சாங்களாக்கும்?"

செங்கோடன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்பவே சொல்லியிருக்கலாமே டீச்சர்."

"சொல்லியிருந்தா டியூப் லைட்டுக் கதையைச் சொல்லி அழிச்சிருப்பீங்க. உங்க வீட்டு அக்கா எல்லாம் சொல்லிட்டாங்க."

"அப்ப அந்தப் படம்..."

"உங்க பெட்டி வழியா போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். போயிருந்தாலும் ஒரு வாசல்லதான் நீங்க இருந்திருப்பீங்க."

"ராத்திரி பகலா தேடினாலும்?"

"தேடிட்டே இருக்க வேண்டியதுதான்."

செங்கோடன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறார் என்று தமயந்தி தண்ணீர் எடுக்கப் போனார். துண்டை எடுத்தபோது செங்கோடன் சிரித்துக்கொண்டிருந்தார். செம்புத் தண்ணீர் முழுவதையும் அண்ணாந்து குடித்தார். நேற்றிலிருந்து தண்ணீர் குடித்த நினைவே அவருக்கு இல்லை.

மத்தியானம் தண்டபாணி அவரைத் தேடிக்கொண்டு அந்த அறைக்கே வந்தார்.

"பாத்தீங்களா?"

"பாத்தனுங்க. தெரியல."

"தெரியலையா, சொல்ல மாட்டீங்களா?"

"சொல்ல மாட்டேன்னு சொல்ற தைரியம் எனக்கு ஏதுங்க? தெரியாது. வேணும்னா உக்காருங்க, பெட்டியைத் திறந்து காட்டறேன். நீங்களே தேடுங்க."

தண்டபாணி அவர் முகத்தையே பார்த்தார். முதலாளிக்காக எத்தனையோ பேரிடம் பொய் சொன்னவர், எத்தனையோ பேரின் பொய்யைப் பிடித்தவர். இந்த முகத்தில் பிடிக்க எதுவும் இல்லை. தமயந்தி பக்கம் திரும்பினார்.

"எனக்கும் தெரியாதுங்க" என்றார் தமயந்தி.

"என்ன எழவு பெட்டியோ. வச்சிருக்கறவனுக்கே ஒண்ணும் தெரியல" என்று சொல்லிக்கொண்டே தண்டபாணி படி இறங்கினார். மாப்பிள்ளையின் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

வண்டிச் சத்தம் தேய்ந்த பிறகும் செங்கோடன் ஜன்னலோரம் நின்றுகொண்டிருந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"மனசு லேசாத்தான் இருக்குது. ஆனா ஒண்ணு கேக்கணும். என்னை நம்ப முடியாதுன்னுதானே அந்த வரியை எழுதினீங்க?"

தமயந்தி தன் கம்ப்யூட்டர்த் திரையை அவர் பக்கம் திருப்பினார். அதிலும் அந்த வரி இருந்தது. தங்கை வீட்டில் ஓடுகிற தன் இன்னொரு கம்ப்யூட்டரின் பெயர் அதில் இருந்தது.

"நான் முதல்ல எழுதினது என் பெட்டியிலதான்" என்றார்.

செங்கோடன் அந்த வரியை வெகுநேரம் படித்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போனார்.