வேட்பாளருக்குக் காது குத்து

மாசிலாமணிக்கு ஊராட்சித் தலைவராக ஆசை. நேர்மையான மனிதர்தான். எங்கள் ஊரில் அதை யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அவருடைய குறை, கூடவே திரிந்த மூன்று பேர்: அடைக்கலம், சாத்தையா, திருமேனி. சொன்னதைச் சொன்னபடியே செய்கிறவர்கள். அப்படிப்பட்ட ஆட்களைக் கடவுள் எதிரிக்குக்கூடத் தரக் கூடாது.

மனு கொடுக்க மறுநாள் மூன்று மணிதான் கெடு. டெபாசிட்டுக்கும் நோட்டீசுக்குமாக ஆறாயிரம் வேண்டும்.

"ஊர்ல வசூல் பண்ணுங்கப்பா. ஆனா யாரு குடுத்தா, எவ்வளவு குடுத்தான்னு ஊருக்கே தெரியணும். எதையும் மறைக்கக் கூடாது" என்றார் மாசிலாமணி.

மூவரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தார்கள்.

"ஊருக்கே தெரியுற மாதிரி காசு வாங்குறது மொய்லதான். மைக்குல பேரு சொல்லுவாங்க, நோட்டுல எழுதுவாங்க" என்றான் அடைக்கலம்.

"விசேஷம் இல்லாம மொய் வாங்குனா மோசடியில்ல?" என்றான் சாத்தையா.

மூவரும் பதறிப்போனார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. கருமாதிக்கு அவர் ஒத்துழைப்பாரா என்பது சந்தேகம். கடைசியில் திருமேனிதான் கண்டுபிடித்தான், அண்ணனுக்கு இன்னும் காது குத்தவில்லை.

"அம்பத்திநாலு வயசுல எனக்குக் காது குத்தா?" என்று கத்தினார் மாசிலாமணி.

"அப்ப பொய் சொல்லி வசூல் பண்ணச் சொல்றீங்களாண்ணே?"

மாசிலாமணி தன் காதை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பந்தல் போட்டாயிற்று. எண்பது வயது தாய்மாமன் மடியில் வேட்பாளர் உட்கார்ந்தார். ஆசாரி ஒரு காதைக் குத்தினார். மாசிலாமணியின் அலறல் மைக்கில் ஏறிப் பக்கத்து ஊர்வரை போயிற்று. மாமனுக்கு முழங்கால் பிசகிவிட்டதால் சடங்கு அதோடு நின்றது. மொய் நிற்கவில்லை.

"கறிக்கடை சோலையப்பன் அம்பது ரூபா! நூறுதான் எழுத வந்தாரு, சம்சாரம் முறைச்சதுல பாதியாயிருச்சு!" என்று மைக்கில் எல்லாவற்றையும் சொன்னான் சாத்தையா.

பன்னிரண்டு மணிக்குள் ஆறாயிரம் சேர்ந்தது. அதில் மூவாயிரம் எதிர்த்து நிற்கும் ராசாங்கம் எழுதியது. எழுதிய கையோடு வெற்றிலை பாக்கு வைத்து, ஒரு மணிக்குத் தன் வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்கு மாலை போடும் விழாவுக்கு அழைத்துவிட்டுப் போனார்.

"வாங்குன மொய்யத் திருப்பிச் செய்யலன்னா அண்ணன் நாணயம் என்னாவுறது?" என்றான் அடைக்கலம்.

"அப்படியே திருப்புனா கேவலம். மேல போட்டுத்தான் செய்யணும்."

"ரெட்டிப்பாப் போடுவோம். தலைவராகப் போறவருல்ல!"

"மாசிலாமணி அண்ணன், ஆறாயிரம்!" என்று ராசாங்கத்தின் மைக் ஊரெல்லாம் கேட்க அறிவித்தது.

டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதுக்கு மருந்து போட்டுக்கொண்டு, இரண்டு மணிக்கு வெள்ளைச் சட்டையும் வீங்கிய காதுமாக மாசிலாமணி வந்து பணம் கேட்டார். மூவரும் பெருமையோடு நோட்டை நீட்டினார்கள்.

"ஒரு பைசா மறைக்கலண்ணே. எல்லாம் எழுதியிருக்கு."

படித்து முடித்த மாசிலாமணி அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். எனக்கே பாவமாகத்தான் இருந்தது. கெடுவுக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான். மூவரும் தள்ளிப் போய்க் கொஞ்ச நேரம் குசுகுசுவென்று பேசினார்கள். பிறகு அடைக்கலம் மைக்கைப் பிடித்தான்.

"அன்பார்ந்த பொதுமக்களே! எல்லாரும் மறுபடி பந்தலுக்கு வாங்க. நம்ம வேட்பாளருக்கு இன்னொரு காது இருக்கு! தாய்மாமனைக் கட்டிலோட தூக்கிக்கிட்டு வர்றாங்க!"