சொல்லக்கூடாத கருவி

முன்னொரு காலத்தில் மலையடிவாரத்து நாடு ஒன்றை விக்கிரமவேள் என்ற அரசர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், புகழ்ச்சிக்கு மட்டும் மயங்கிவிடுவார். “தங்கள் ஆட்சியில் பூமிகூட நடுங்காது அரசே” என்று அமைச்சர் மழவராயர் ஒருநாள் சொல்லிவைக்க, அரசர் அதைப் பிடித்துக்கொண்டார். நடுக்கம் என்று எவன் வாய் திறந்தாலும் நாடு கடத்தப்படுவான் என்று பறையறைந்துவிட்டார்கள்.

இதில் அவதிப்பட்டவர்கள் பாறைக்குடி மக்கள். அந்த மலையூரில் நிலம் நடுங்கிப் பதினெட்டு வீடுகள் இடிந்திருந்தன. மனுக் கொடுக்கப் போனால், “எதனால் இடிந்தது?” என்று கேட்டார்கள். உண்மையைச் சொன்னால் ஊரை விட்டே போகவேண்டும். பாவம், பிள்ளைகுட்டிகளோடு மழையில் நனைந்தார்கள்.

அந்தச் சமயம் கடல்கடந்து வந்த வணிகன் ஒருவன் அரசருக்கு ஒரு கருவியைக் காணிக்கையாகத் தந்தான். கம்பியில் தொங்கும் இரும்புக் குண்டு, அதன் அடியில் ஓர் ஊசி, ஊசிக்குக் கீழே கரி பூசிய தட்டு. தரை ஆடினால் தட்டும் ஆடும். கனத்த குண்டு அசையாது. ஊசி கரியில் கோடு கிழித்துவிடும்.

“இதற்குத் தமிழில் பெயர் வேண்டும்” என்றார் அரசர்.

விகடகவி வெண்காடன் மீது மழவராயருக்கு வெகுநாள் பொறாமை. “வெண்காடரே சூட்டட்டும் அரசே. கருவியின் வேலை பெயரிலேயே விளங்கவேண்டும். முடியாவிட்டால் பதவியை விடட்டும்” என்றார். நடுக்கம் என்று சொன்னால் நாடு போகும், சொல்லாவிட்டால் பதவி போகும். வகையாக மாட்டினான் என்று அவையில் பலருக்கு உள்ளூர மகிழ்ச்சி.

வெண்காடன் பதறவில்லை. கருவியை அவையின் மரத்தளத்தின் நடுவே வைத்தான்.

“குழந்தை பிறந்த பிறகுதானே அரசே பெயர் வைக்கிறோம்? இது இன்னும் ஒரு கோடுகூடப் போடவில்லை. தாங்கள் ஒருமுறை கோபப்படவேண்டும்.”

“யார் மேல்?”

“பொதுவாகக் கோபப்பட்டால் போதும்.”

அந்த அவையில் ஒரு வழக்கம் உண்டு. அரசர் கோபத்தோடு எழுந்தால் அத்தனை பேரும் நெடுஞ்சாண்கிடையாக விழவேண்டும். கடைசியாக விழுபவருக்கு அன்று விருந்து கிடையாது. அரசர் எழுந்து ஓர் அதட்டல் போட்டார். அறுபது பேர் தொப்பென்று விழுந்தார்கள். மழவராயர் நல்ல கனம் வேறு.

வெண்காடன் தட்டை எடுத்து நீட்டினான். “இதில் என்ன பதிந்திருக்கிறது என்று தாங்களே சொல்லுங்கள் அரசே. சொல்ல எனக்கு அனுமதியில்லை.”

அரசர் குனிந்து பார்த்தார். “இதிலென்ன புதிர்? தரையின் நடுக்கம்தான்.”

மழவராயர் தரையிலிருந்து தலையைத் தூக்கவேயில்லை. அரசருக்கு மெல்லப் புரிந்தது. வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அப்படியானால் நான்தான் முதலில் நாட்டை விட்டுப் போகவேண்டும்!”

“தாங்கள் இருங்கள் அரசே, சட்டம் போகட்டும். நடுக்கத்தைக் காட்டுவதால் இது நடுக்கங்காட்டி. கோடாக வரைந்து வைப்பதால் நடுக்கவரைவி. எது பிடிக்கிறதோ அதையே வையுங்கள்.”

“சட்டம் போகட்டும், பெயர் இரண்டும் இருக்கட்டும். உமக்கு என்ன பரிசு வேண்டும்?”

“பாறைக்குடிக்காரர் ஒருவர் மூன்று நாளாக வாசலில் நிற்கிறார். அவரை உள்ளே விட்டால் போதும்.”

வந்தவர் கும்பிட்டார். சொல்லலாமா என்று வெண்காடன் முகத்தைப் பார்த்தார். அவன் தலையசைத்தான்.

“நெலம் நடுங்கிருச்சு சாமி. வீடெல்லாம் போச்சு.”

அரசரின் சிரிப்பு நின்றுவிட்டது. அரண்மனைத் தச்சர்களையும் கொத்தர்களையும் அன்றே மலையேறச் சொன்னார். பதினெட்டு வீடும் எழும்பும்வரை மழவராயரும் அங்கேயே தங்கவேண்டும் என்று உத்தரவாயிற்று.