கழுத்தில் தொங்கிய பூட்டு

முன்னொரு காலத்தில் கொன்றைநாட்டை மகுடவர்மன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் யார் முதலில் வந்து காதைக் கடிக்கிறார்களோ, அன்றைக்கு அவர்கள் சொன்னதுதான் சட்டம்.

அப்போது ஊரில் திருட்டு பெருத்துக் கிடந்தது. அடுப்பில் இருக்கிற பானையைக்கூட இறக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் தினமும் அரண்மனை வாசலில் நின்று முறையிட, ராஜாவுக்குத் தலைவலி வந்துவிட்டது. காவல் தலைவர் வல்லபராயர் மீசையை நீவிக்கொண்டு ஒரு யோசனை சொன்னார்.

"பிரபு, தப்பு வீட்டைக் காக்கத் தெரியாதவன் மேல்தான். பறிகொடுத்தவன் கழுத்தில் ஒரு பூட்டை மாட்டி, சந்தையில் ஒரு பகல் நிறுத்துவோம். அப்புறம் பாருங்கள்."

பார்த்தார்கள். ஒரே மாதத்தில் முறையீடு நின்றுவிட்டது. திருட்டு அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது. ராஜா நாட்டில் திருட்டே ஒழிந்தது என்று மகிழ்ந்து வல்லபராயருக்குப் பட்டு அங்கவஸ்திரம் போர்த்தினான்.

இந்த லட்சணத்தில்தான் அங்காயியின் கொப்பரை போயிற்று. அங்காயி ஊராரின் நெல்லை வாங்கி அவித்துக் காயவைத்துக் கொடுத்துக் கூலி வாங்குகிறவள். அந்தச் செப்புக் கொப்பரை ஒன்றுதான் அவள் சொத்து. அவள் குளத்துக்குப் போன நேரம் பார்த்து, பட்டப்பகலில் படலைப் பிரித்து எடுத்துப் போய்விட்டார்கள். வாயை மூடிக்கொண்டிருந்தால் மானம் மிஞ்சும், வயிறு காயும். அவள் நேரே சபைக்குப் போனாள்.

"என் கொப்பரையத் திருடிட்டாங்க மகாராசா. அது இல்லேன்னா எனக்குக் கஞ்சி இல்ல. கண்டுபிடிச்சுக் கொடுக்கணும்."

"கதவு இருந்ததா?" என்றார் வல்லபராயர்.

"படல் இருந்துச்சுங்க."

"படலை வைத்துக்கொண்டு செப்புக் கொப்பரை வைத்திருக்கிறாள், பிரபு. திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்திருக்கிறாள்."

சபை விழுந்து விழுந்து சிரித்தது. அங்காயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எங்க தெருவுலயும் காவல் வரி வாங்குறீங்களே சாமி. காவக்காரங்க எங்க?"

"அவர்களுக்கு முக்கியமான வேலை இருக்கிறது."

என்ன வேலை என்று ஊருக்கே தெரியும். நாற்பது பேரும் வல்லபராயர் மாளிகை வாசலில் ஈட்டியும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள்.

ராஜா கொட்டாவி விட்டான். "பொருளைக் காவல் இருக்கிற இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டியதுதானே பெண்ணே. இதுகூடத் தெரியாதா?"

"இப்பத் தெரிஞ்சுக்கிட்டேங்க," என்றாள் அங்காயி.

மறுநாள் பகல் முழுக்கக் கழுத்தில் பூட்டோடு சந்தையில் நின்றாள். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் பாதிப் பேர் கிட்டே வந்து குசுகுசுத்தார்கள். ஒருத்திக்குக் குத்துவிளக்கு போயிருந்தது, ஒருவருக்கு ஆடு. வெட்கப்பட்டுக்கொண்டு சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அத்தனை பேரிடமும் அவள் ஒன்றையே சொன்னாள். "பொருளைக் காவல் இருக்கிற இடத்துல வைக்கச் சொல்லி ராசாவே சொல்லிட்டாரு."

விடிந்தது. வல்லபராயர் மாளிகை முற்றத்தில் அம்மி, அண்டா, கயிற்றுக்கட்டில், பஞ்சாரத்துக்குள் கோழிகள், தூணுக்குத் தூண் ஆடுகள். ஒருவர் ஊறுகாய் ஜாடியை ஈட்டிக்காரன் காலடியில் வைத்து, "பாத்துக்கப்பா, மூடி கொஞ்சம் ஆடுது," என்று சொல்லிவிட்டுப் போனார். ராஜா வார்த்தையாயிற்றே, எதையும் எடுத்து எறிய முடியவில்லை. கழற்றிய பூட்டையும் சாவியையும் திருப்பிக் கொடுக்க வந்த அங்காயி, பக்கத்து வீட்டுப் பானையில் அவித்த நெல்லை வாசலை அடைத்துப் பரப்பினாள். வல்லபராயரின் பல்லக்கு வெளியே வர வழியில்லை. அவர் ஆள் அனுப்ப, ராஜாவே வந்துவிட்டான்.

நெல்லைச் செருப்புக் காலால் மிதிக்க ராஜாவுக்கும் மனம் வராது. சரிகைச் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டு, நுனிக்காலால் நடந்து உள்ளே வந்தான்.

"என்ன கூத்து இது?"

"நீங்க சொன்னதுதாங்க மகாராசா. இங்கதானே காவல் இருக்கு."

ராஜா முற்றத்தை ஒரு சுற்றுப் பார்த்தான். திரும்பினான். செருப்பைக் காணோம்.

"என் செருப்பை யாரோ திருடி..."

அங்காயி அருகில் வந்து தணிந்த குரலில் சொன்னாள். "மெதுவாப் பேசுங்க மகாராசா. யார் காதுலயாவது விழுந்தா இதை மாட்டிருவாங்க." அவள் கையில் பூட்டு இருந்தது.

கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. ராஜாவுக்கு அதுதான் இன்னும் கூசியது.

"வல்லபராயரே, நாற்பது பேர் நிற்கிற இடத்தில் இது எப்படி நடந்தது?"

வல்லபராயருக்கு நாக்கு பழகிப்போயிருந்தது. "பிரபு, தாங்கள் சற்றுக் கவனமாக விட்டிருக்கலாம்," என்றார்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. ராஜாவின் முகம் சிவந்துவிட்டது. அங்காயி ஒரு பஞ்சாரத்தைத் தூக்கினாள். கோழி எழுந்து போக, அடியில் செருப்பு இருந்தது.

"நான்தாங்க எடுத்து வச்சேன். பறிகொடுத்தா எப்படி இருக்கும்னு வாயால சொன்னேன், சபையில சிரிச்சாங்க."

ராஜா தன் வெறுங்காலைப் பார்த்தான். பிறகு பூட்டை வாங்கித் தன் கையாலேயே வல்லபராயர் கழுத்தில் மாட்டினான்.

"சாவியை என்ன செய்யலாம், அங்காயி?"

"என் கொப்பரைக்குள்ள போட்டு வைக்கச் சொல்லுங்க மகாராசா."

"கொப்பரைதான் காணோமே?"

"அதாங்க."

ராஜா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. கொப்பரை வந்தால்தான் பூட்டுத் திறக்கும் என்று அங்கேயே உத்தரவு போட்டான். அதுவரை ஒரு சந்துக்குள்ளும் கால் வைக்காத வல்லபராயர் நாற்பது ஆட்களோடு தெருத்தெருவாக அலைந்தார். மூன்றே நாளில், உச்சிவெயிலில், கொப்பரையைத் தலையில் சுமந்துகொண்டு அங்காயி வீட்டுக்கு வந்து நின்றார். பின்னாலேயே குத்துவிளக்குகளும் ஆடுகளும் திருடர்களும் வரிசையாக வந்தார்கள். இத்தனை நாளும் எல்லாம் ஊருக்குள்ளேதான் இருந்திருக்கிறது.

காவல் தெருக்களுக்குத் திரும்பியது. என்ன வேண்டுமோ கேள் என்று ராஜா சொன்னதற்கு, அங்காயி அந்தப் பூட்டைத்தான் கேட்டு வாங்கினாள். அதைப் படலில் ஓர் ஆணி அடித்துச் சும்மா தொங்கவிட்டாள். அதற்கப்புறம் எத்தனையோ காவல் தலைவர்கள் வந்தார்கள், போனார்கள். அந்தத் தெருவைக் கடக்கும்போது மட்டும் ஒவ்வொருவரும் ஒரு தரம் தங்கள் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வார்களாம்.